மலைக்கும் காட்டுக்கும் போலீஸ் ஜீப்: எதை வாங்குவது, எதை மாட்டுவது

கேட்டவர் கோலார் தங்கவயல் ஊர்ப் பிள்ளை. இப்போது சாமராஜநகர் மாவட்டத்தில், ஹனூர் பக்கம் ஒரு ஸ்டேஷனில் எஸ்.ஐ. அவர் எழுதியது இது: "அண்ணே, எங்களுக்கு மூன்று ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்க அனுமதி வரும்போல் இருக்கிறது. எந்த வண்டி, அதில் என்னென்ன பொருத்த வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் டி.எஸ்.பி. மஹிந்திரா தாரா, ஃபோர்ஸ் கூர்க்காவா, மாருதி ஜிம்னியா? இருக்கிற பொலேரோவுக்கே நல்ல டயர் போட்டால் ஆகாதா?"

பெங்களூரில் முப்பது வருடமாக ஜீப், ஜிப்ஸி, பொலேரோ என்றே என் கை கறுத்திருக்கிறது. அரசு வண்டிகளும் எஸ்டேட் வண்டிகளும் நிறையப் பார்த்தாயிற்று. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, வண்டிப் பெயரில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு தாள் எடுத்து எடையை எழுதுங்கள். ஒரு ஆள் 70 கிலோ என்றால், குண்டு துளைக்காத சட்டை, ஹெல்மெட், துப்பாக்கி, தோட்டா, தண்ணீர் எல்லாம் சேர்ந்து 90 கிலோ வந்துவிடும். ஆறு பேர் என்றால் 540. வயர்லெஸ், இரண்டாவது பேட்டரி, மேலே விளக்கு, சைரன் எல்லாம் ஒரு 45. முன்னால் வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் மோட்டார்), அதைத் தாங்கும் இரும்பு பம்பர் ஒரு 70. கூரைமேல் கேரியர் 35. இருபது லிட்டர் டீசல் கேன் 17. கயிறு, ஜாக்கி, மண்வெட்டி, ரம்பம், டூல்ஸ் 40. கூட்டிப் பாருங்கள், முக்கால் டன் தொட்டுவிடும். இப்போது நீங்கள் பார்க்கிற வண்டியின் மொத்த எடை வரம்பிலிருந்து காலி எடையைக் கழியுங்கள். இரண்டையும் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள். மிச்சம் வருவதுதான் அந்த வண்டி தாங்கும் சுமை. பல வண்டிகள் இந்தக் கணக்கிலேயே விழுந்துவிடும். கம்பெனி விளம்பரத்தில் பாறைமேல் ஏறி நிற்கிற வண்டிக்குள் ஒரே ஒரு டிரைவர்தான் இருப்பார், கவனித்திருக்கிறீர்களா?

ராணுவமே இந்தக் கணக்கைப் போட்டுத்தான் ஜிப்ஸியை விட்டு நகர்ந்தது. 1985 டிசம்பரில் வந்த ஜிப்ஸி ஒரு டன்னுக்குள் அடங்கிய எடை, எங்கே வேண்டுமானாலும் ஏறும், கெட்டுப்போக அதில் அதிகம் ஒன்றுமில்லை. ஆனால் ராணுவக் கணக்கில் அது 500 கிலோ சுமக்கும் வகை. ஆட்களின் உடுப்பும் கருவிகளும் கனத்துக்கொண்டே போனதால் 800 கிலோ சுமக்கும், இரும்புக் கூரையும் ஏ.சி.யும் உள்ள வகை வேண்டும் என்று கேட்டார்கள். 2017-ல் 3,192 சஃபாரி ஸ்டார்ம் வண்டிகளுக்கு ஆர்டர் போனது அப்படித்தான். ஜிப்ஸிமேல் எனக்கு இன்றும் காதல் உண்டு. ஆனாலும் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு அது மேட்டில் மூச்சு வாங்குவதைப் பார்த்தவன் நான், ராணுவத்தின் கணக்கைக் குறை சொல்ல மாட்டேன்.

சுமை கூடினால் என்ன ஆகும்? முதலில் ஸ்பிரிங் உட்காரும். பட்டை ஸ்பிரிங் வண்டி என்றால் பின்பக்கம் அப்படியே தாழும். 200 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் என்று காகிதத்தில் போட்டிருப்பது காலி வண்டியின் அளவு. ஆள் ஏறியதும் அது இருக்காது. அடுத்தது பிரேக். மாதேஸ்வரன் மலையிலிருந்து கீழே இறங்குகிற கொண்டை ஊசி வளைவுகளில் நிறைந்த வண்டியை பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால், பாதி மலையில் பிரேக் சூடேறி மிதி கல்லாகும், அல்லது பஞ்சாகும். மூன்றாவது, கூரைமேல் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் வண்டி சாயும் ஆபத்தைக் கூட்டும். ஸ்டெப்னியையும் டீசல் கேனையும் மேலே கட்டிவைத்த ஜீப் சரிவில் குறுக்கே போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, இப்போது தரை. உங்கள் பக்கம் செம்மண், கருங்கல் பாறை, வறண்ட ஓடை, அங்கங்கே மணல். வருடத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கும், மழை வந்தால் ஒரே இரவில் ஓடை நிரம்பும். ஆகும்பே, குதுரேமுகா பக்கம் வேறு கதை. அங்கே வருடத்துக்கு ஏழாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை, சறுக்குகிற களி, அழுகிய இலை, சாய்ந்து கிடக்கும் மரம். அங்கே வேலை செய்த ஒருவர் எழுதிய பட்டியலை எடுத்து உங்கள் குறிப்பில் ஒட்டிவிடாதீர்கள். உங்களுக்குத் தேவை கல்லில் கிழியாத டயர், அடியில் எஞ்சினுக்கும், சக்தியை முன் பின் ஆக்ஸிலுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் கவசத் தகடு, மணலில் மெதுவாகவும் பலமாகவும் இழுக்கும் லோ கியர்.

லோ கியர் என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அரசுக் கொள்முதல் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறது. 'ஃபோர் வீல் டிரைவ்' என்று மட்டும் எழுதினால் நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகிற எந்த வண்டியும் தகுதி பெற்றுவிடும். நகரத்துக்காகச் செய்த சொகுசு வண்டிகளிலும் அது உண்டு. அவற்றில் டிரான்ஸ்ஃபர் கேஸே இருக்காது, அதிலிருந்து வரும் லோ கியர், அதாவது லோ ரேஞ்ச் இருக்காது. ஜெம் என்ற அரசுக் கொள்முதல் இணையதளத்தில் குறைந்த விலை குறிப்பிட்டவருக்கே ஆர்டர் போகும். அப்புறம் ஸ்டேஷன் வாசலில் பளபளவென்று ஒரு வண்டி வந்து நிற்கும், மலையில் பாதி தூரம் கூட ஏறாது. அதனால் குறிப்பில் இப்படி எழுதுங்கள்: தனி லோ ரேஞ்ச் உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ், ஏணிச் சட்டம் எனப்படும் தனி சேஸிஸ், பின் ஆக்ஸிலிலாவது டிஃபரன்ஷியல் லாக், முழுச் சுமையோடு இவ்வளவு கிரவுண்ட் கிளியரன்ஸ், முன்னும் பின்னும் இழுப்பதற்கென்றே சேஸிஸில் பொருத்திய கொக்கி. பிராண்ட் பெயர் எழுதக் கூடாது, எழுதவும் தேவையில்லை. இந்த வரிகளே தேவையில்லாததை வடிகட்டிவிடும்.

லாக் ஏன் என்று உங்கள் டி.எஸ்.பி. கேட்பார். சாதாரண டிஃபரன்ஷியல், எந்தச் சக்கரம் சுலபமாகச் சுற்றுமோ அதற்குத்தான் சுழற்சியைத் தள்ளிவிடும். குழியில் முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் அந்தரத்தில் தொங்கினால், நான்கு சக்கர வண்டியாகவே இருந்தாலும் அந்த இரண்டும் காற்றில் சுற்றும், தரையில் இருக்கிற இரண்டும் சும்மா நிற்கும். லாக் போட்டால் ஆக்ஸிலின் இரு சக்கரமும் ஒன்றாகச் சுற்றியே ஆக வேண்டும். புது வண்டிகளில் சுற்றுகிற சக்கரத்தை பிரேக் பிடித்து நிறுத்தி மற்றதற்குச் சக்தி அனுப்புகிற ஏற்பாடும் உண்டு. அதுவும் வேலை செய்யும். ஆனால் நீண்ட நேரம் திணறினால் பிரேக் சூடாகும். என்னைக் கேட்டால், கையால் போடும் லாக்தான் நம்பத் தகுந்தது.

இப்போது நீங்கள் கேட்ட பெயர்கள்.

2020-ல் வந்த மூன்று கதவு தார் நல்ல வண்டி. 226 மில்லிமீட்டர் கிளியரன்ஸ், முன்பக்கம் ஏறும் கோணம் 41 டிகிரிக்கு மேல், 650 மில்லிமீட்டர் தண்ணீர் வரை போகலாம் என்று கம்பெனியே சொல்கிறது. ஆனால் அதில் நான்கு பேர்தான் உட்கார முடியும். பின்னால் இருக்கிற இருவர் இறங்க வேண்டுமென்றால் முன் சீட்டை மடக்க வேண்டும். முன் சீட்டில் இருப்பவர் இறங்காமல் அவர்கள் இறங்க முடியாது. பிக்னிக் போகிறவர்களுக்குச் சரி. எதிரே துப்பாக்கிச் சத்தம் கேட்டால் இரண்டு வினாடியில் கீழே குதிக்க வேண்டிய ஆட்களை அப்படி அடைத்து வைப்பது எனக்குச் சம்மதமில்லை. இன்ஸ்பெக்டர் ஒருவர், டிரைவர், கூட ஒருவர் என்றால் எடுங்கள். ஐந்து கதவு தார் ராக்ஸ் அந்தக் குறையைத் தீர்க்கிறது. அதில் ஃபோர் வீல் வேண்டுமானால் டீசல்தான்.

கூர்க்கா அழகான வண்டி கிடையாது, அதற்கு அந்த ஆசையும் இல்லை. முன்னும் பின்னும் கையால் போடும் லாக், தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் ஸ்னார்க்கல் (எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்), 700 மில்லிமீட்டர் தண்ணீர், 2.6 லிட்டர் டீசல். 2024-ல் ஐந்து கதவு வகை வந்தபோது எஞ்சின் 140 குதிரைச் சக்திக்கு உயர்ந்தது, ஏழு பேர் உட்காரலாம். கேரளப் போலீஸ் மலைப் பகுதி ஸ்டேஷன்களுக்கு இதை வாங்கியிருக்கிறது. குறை என்றால் அகலம். புதர் இருபுறமும் உரசும் தடத்தில் அது திணறும். இன்னொன்று சர்வீஸ். எந்த ஊரில் ஆள் இருக்கிறார்கள், உதிரிப் பாகம் எத்தனை நாளில் வரும் என்று விசாரித்துவிட்டே எழுதுங்கள். கொள்ளேகாலில் கிடைக்காத பாகத்துக்கு நீங்கள் மைசூரோ பெங்களூரோ வர வேண்டும். இங்கே கலாசிப்பாளையத்திலும் ஜே.சி. ரோட்டிலும் எந்த பொலேரோ சாமான் கேட்டாலும் அரை மணி நேரத்தில் எடுத்துத் தருவார்கள். கூர்க்காவுக்கு அந்த வேகம் கிடையாது.

ஜிம்னி 2023 ஜூனில் ஐந்து கதவோடு வந்தது. அகலம் 1,645 மில்லிமீட்டர்தான். தாரைவிட முக்கால் சாணுக்கு மேல் ஒடுக்கம். பெட்ரோல். எடை குறைவு, அதனால் மணலில் புதையாது, சிக்கினாலும் நாலு பேர் தள்ளினால் வரும். சுமை தாங்காது, அதுதான் குறை. மூன்று பேர், வயர்லெஸ், கயிறு, தண்ணீர் என்று ரோந்து போக இதைவிட நல்ல வண்டி நான் பார்க்கவில்லை.

யாரும் யோசிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரட்டைக் கேபின் பிக்கப். பொலேரோ கேம்பரில் ஃபோர் வீல் வகை இருக்கிறது, இசுசு வி-கிராஸ் இருக்கிறது. ஐந்து பேர் கேபினில், சாமான் பின்னால். பறிமுதல் செய்த மரம், பிடிபட்ட பைக், ஜெனரேட்டர், காயம்பட்ட ஆள், எதையும் ஏற்றலாம். மலை ஸ்டேஷனில் இந்த வேலைகள்தான் தினமும் வருகின்றன.

ஆகவே மூன்று வண்டி என்றால் மூன்றையும் ஒரே மாதிரி வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். ஒரு சின்னது, ஒரு பெரியது, ஒரு பிக்கப். ஒரே கம்பெனி என்றால் உதிரிப் பாகம் சுலபம் என்று வாதிடுவார்கள். நியாயம்தான். ஆனால் மூன்று வண்டிக்கு அந்த லாபம் பெரிதில்லை. முப்பது வண்டி வாங்கினால் அப்போது நானும் அவர்கள் பக்கம்.

டீசலா பெட்ரோலா என்பதில் பழைய பதில் இனிச் செல்லாது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கிற ஃபில்டர் ஒன்று இருக்கிறது. அந்தக் கரி எரிந்து தீர வண்டி பதினைந்து இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். போலீஸ் வண்டி எங்கே அப்படி ஓடுகிறது? ஏ.சி.யும் வயர்லெஸும் ஓட வேண்டும் என்று செக்போஸ்ட்டில் மணிக்கணக்காக எஞ்சினை ஓட விட்டு நிற்கும், அல்லது இரண்டாவது கியரில் மலையைச் சுற்றும். விளக்கு எரியும், யாரும் கவனிக்க மாட்டார்கள், ஒருநாள் எஞ்சின் தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். என் பட்டறைக்கு இப்படி வந்த அரசு வண்டிகளுக்குக் கணக்கில்லை. டீசல் வாங்கினால், வாரம் ஒருமுறை கொள்ளேகால் ரோட்டில் அரை மணி நேரம் ஓட்ட வேண்டும் என்பதை டூட்டியாகவே எழுதிவிடுங்கள்.

கியர் விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. பணம் இருந்தால் ஆட்டோமேட்டிக் எடுங்கள். ஸ்டேஷன் வண்டியைப் பத்துப் பேர் ஓட்டுவார்கள், பத்துப் பேரும் மேட்டில் ஹாஃப் கிளட்ச் போட்டு பிளேட்டை எரிப்பார்கள். தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது என்பது உண்மை. அதற்குத்தான் இரண்டாவது பேட்டரி.

இனி மாட்ட வேண்டியவை. முதலில் டயர். கம்பெனியிலிருந்து வருவது பெரும்பாலும் தார் ரோட்டுக்கான டயர். அதைக் கழற்றி, எல்லாத் தரைக்குமான ஆல் டெரெய்ன் டயர் போடுங்கள். சேற்று டயர் என்று பெரிய கட்டம் போட்டு ஒன்று வரும். பார்க்க மிரட்டும், ஆனால் ஈரத் தார் ரோட்டில் வழுக்கும், இரைச்சல் போடும், உங்கள் ஊர்த் தரைக்குத் தேவையுமில்லை. அளவைப் பெரிதாக்காதீர்கள். பெரிய டயர் கிளட்சையும் பிரேக்கையும் தின்னும். பக்கவாட்டுச் சுவர் தடிமனாக இருக்கிறதா என்று பாருங்கள், கல் கிழிப்பது அங்கேதான். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 3522 என்றால் 2022-ஆம் ஆண்டின் 35-வது வாரம் செய்தது. போலீஸ் வண்டியில் கட்டம் தேயும் முன்பே ரப்பர் கிழடு தட்டிவிடும். ஆறு வருடம் தாண்டியதை மலைக்கு அனுப்பாதீர்கள்.

டயர் கூடவே ஒரு நல்ல ஏர் கம்ப்ரஸர். மணலில் சிக்கினால் காற்றழுத்தத்தை 32 பி.எஸ்.ஐ.யிலிருந்து 18, 20-க்கு இறக்குங்கள். டயர் தட்டையாகி அகலமாக மிதக்கும், பாதி நேரம் அதுவே வண்டியை வெளியே கொண்டுவந்துவிடும். வெளியே வந்ததும் திரும்ப அடித்துவிட்டுத்தான் ரோட்டில் ஓட்ட வேண்டும், அதற்குத்தான் கம்ப்ரஸர். ஐந்தாறாயிரம் ரூபாய் சாமான், லட்ச ரூபாய் வின்ச் செய்கிற வேலையில் பாதியைச் செய்யும்.

வின்ச்சே வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று வண்டியில் ஒன்றுக்குப் போதும். வண்டியின் முழுச் சுமை எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுக்க வேண்டும். இரண்டரை டன் வண்டிக்கு 9,500 பவுண்ட், அதாவது நாலு டன்னுக்குச் சற்று மேல். டிரம்மில் கயிற்றின் அடி அடுக்கு மட்டும் இருக்கும்போதுதான் அந்த முழு இழுவை கிடைக்கும் என்பதையும், கப்பி போட்டால் இழுவை இரண்டு மடங்காகும் என்பதையும் டிரைவருக்குச் சொல்லிக் கொடுங்கள். இரும்புக் கம்பிக்குப் பதில் சிந்தெடிக் கயிறு. கம்பி அறுந்தால் வாள்போல் வீசும்.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். இருபது வருடத்துக்கு முன், சேற்றில் புதைந்த ஒரு ஜீப்பைச் சங்கிலி போட்டு இழுத்தேன். சங்கிலியை பம்பரில் மாட்டியது என் முட்டாள்தனம். கொக்கி பிய்ந்து பறந்து வந்து என் வண்டியின் பானட்டைக் கிழித்துக்கொண்டு போனது. ஒரு அடி மேலே வந்திருந்தால் இதை எழுத நான் இருக்க மாட்டேன். அன்றிலிருந்து பட்டறையில் இழுவைச் சங்கிலியே கிடையாது. நீளும் தன்மையுள்ள நைலான் இழுவைக் கயிறு ஒன்று, 4.75 டன் தாங்கும் ஷேக்கிள் என்ற இரும்பு வளையம் இரண்டு, மரத்தைச் சுற்ற அகலப் பட்டை ஒன்று. இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஒரு கனத்த கம்பளி. யாரும் கயிற்றுக்கு நேரே நிற்கக் கூடாது. மண்வெட்டி, அரிவாள், இரண்டு அடி மரப் பலகை, மரம் அறுக்கும் ரம்பம். பலகை ஜாக்கிக்குக் கீழே வைக்க. மணலில் ஜாக்கி வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும்.

அடுத்து வயரிங். சிரிக்காதீர்கள், வண்டியை வழியில் நிறுத்துவது பாறையைவிட வயரிங்தான். டெண்டரில் வண்டி தனி, விளக்கும் சைரனும் தனி, வயர்லெஸ் தனி என்று மூன்று பேர் வந்து மூன்று இடத்தில் ஒயரை வெட்டிச் சேர்ப்பார்கள். புது வண்டிகளில் எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்வது. ஹெட்லைட் ஒயரில் சைரனை ஒட்டினால் எஞ்சின் விளக்கு எரியும், வாரண்டி போகும். என்னிடம் வந்த ஒரு வண்டியில் ஃப்யூஸே இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராகக் கேபினுக்குள் ஒயர் ஓடியது. கால் மிதியடிக்குக் கீழே உருகிக் கிடந்தது. எல்லா துணைச் சாமான்களுக்கும் ஒரே தனி ஃப்யூஸ் பெட்டி, பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் முதல் ஃப்யூஸ், துணைப் பேட்டரிக்கு ஐசொலேட்டர். வயர்லெஸ் இரவு முழுக்க ஓடினாலும் ஸ்டார்ட் பண்ணுகிற பேட்டரி தொடப்படாமல் இருக்கும். வயரிங் படம் ஒன்றை லேமினேட் செய்து டேஷ்போர்டு பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.

வயர்லெஸ் ஆன்டெனா இரும்புக் கூரையின் நடுவில் இருந்தால் நன்றாகப் பிடிக்கும். துணிக் கூரை, ஃபைபர் கூரை என்றால் கீழே ஒரு தகடு வைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் பள்ளத்தாக்கில் குரல் கேட்காது. மலிவான எல்.இ.டி. விளக்குகள் வயர்லெஸில் கரகரப்பைக் கிளப்பும். வண்டியை எடுத்துக்கொள்ளும் முன் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு வயர்லெஸில் பேசிப் பாருங்கள்.

மேலே சிவப்பு, நீலம், வெள்ளை விளக்கு உங்களுக்கு அனுமதி. சிவப்பு மட்டும் சுழலும் பழைய விளக்குகள் 2017 மே 1-லிருந்து போய்விட்டன. எல்லா விளக்கையும், உள்விளக்கு, பிரேக் விளக்கு உட்பட, ஒரே சுவிட்சில் அணைக்கும் வசதி கேளுங்கள். காட்டில் கதவைத் திறந்ததும் உள்விளக்கு எரிந்தால் உள்ளே யார் யார் என்று ஊருக்கே காட்டும். யானை இருக்கும் தடத்தில் சைரன் வேண்டாம், இது உங்கள் டிரைவருக்கே தெரியும்.

புல் பார் ஆசை எல்லாருக்கும் உண்டு. அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுக்கு முரண் என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், கண்டபடி பற்றவைத்த கம்பி ஏர்பேக்கின் கணக்கைக் கெடுக்கும். வின்ச் பம்பர் வேண்டுமென்றால் அந்த வண்டிக்கென்று சோதித்துச் செய்ததாக இருக்கட்டும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்னார்க்கல் இருந்தால் ஆற்றில் இறங்கலாம் என்று நினைக்காதீர்கள். அது காற்று எடுக்கும் வாயை உயர்த்துகிறது, அவ்வளவுதான். ஒருவர் கம்போடு இறங்கி நடந்து பார்க்காமல் வண்டி இறங்கக் கூடாது. ஓடுகிற தண்ணீர் முழங்காலுக்கு மேல் என்றால் காத்திருங்கள். கடந்து வந்தபின் டிஃபரன்ஷியல் எண்ணெயைப் பாருங்கள். பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, அன்றே மாற்ற வேண்டும்.

உள்ளே: கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளமுள்ள இன்சாஸ் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கும் வண்டியில் போவது ஆபத்து. பூட்டும், ஒரே இழுப்பில் எடுக்கவும் வரும் ரேக் வேண்டும். பக்கவாட்டு பெஞ்ச் சீட் வேண்டாம், பெல்ட் இல்லாத ஆள் வண்டி கவிழ்ந்தால் பந்துபோல் உருளுவான். ரத்தம் நிறுத்தும் கட்டு, மடக்கும் ஸ்ட்ரெச்சர், தீயணைப்பான் இவை கைக்கெட்டும் இடத்தில்.

கண்ணிவெடி பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் ஊரில் இருந்துகொண்டு பாலாறை நினைக்காமல் இருக்க முடியாது. 1993 ஏப்ரல் 9 அன்று அங்கே வீரப்பன் கும்பல் புதைத்த வெடியில் 22 பேர் போனார்கள். போன வருடம் வீரப்பனின் ஊரான கோபிநத்தம் பக்கம் ஒரு வண்டியைத் தூக்கி வரப் போனபோது, டீக்கடையில் ஒரு பெரியவர் தமிழில் அந்த நாளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். எந்த ஃபோர் வீல் டிரைவும் கவச வண்டி ஆகாது. கதவில் இரும்புத் தகடு அடித்துத் தரச் சொல்லி என்னிடம் வந்தவர்கள் உண்டு. நான் மறுத்துவிடுவேன். எடை கூடும், வண்டி தாழும், கீழிருந்து வருகிற வெடிக்கு அது தடையே இல்லை. 2025 ஜனவரி 6-ல் சத்தீஸ்கர் மாநிலம் பீஜாப்பூரில் கண்ணிவெடியில் எட்டு ஜவான்களும் டிரைவரும் இறந்தது ஒரே வண்டியில். அபாயம் உள்ள தடத்தில் இறங்கி நடப்பது, வண்டிகளுக்கு நடுவே இடைவெளி, போன வழியிலேயே திரும்பாமல் இருப்பது, இவையெல்லாம் உங்கள் பயிற்சியில் வருபவை. வண்டிக்கடைக்காரனிடம் அதற்கு மருந்து கிடையாது.

டிரைவர் விஷயம். பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கைப் பயிற்சிக்கு ஒதுக்கச் சொல்லி எழுதுங்கள். மேலே அதை வெட்டிவிட்டால் அதற்காகச் சண்டை போடுங்கள், வின்ச்சை விட்டுக்கொடுத்தாவது. பழைய ஜிப்ஸி ஒன்று ஓடையில் சிக்கியது என்று இரவு பதினொரு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், டிரைவர் ஃபோர் வீல் லீவரைப் போட்டிருக்கிறார், முன் சக்கர ஹப்பைக் கையால் திருகி லாக் செய்யவில்லை. நாலு வருடமாக ஓட்டுகிறார், அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அரை நிமிட வேலைக்கு நூற்று அறுபது கிலோமீட்டர். இன்னொரு பக்கம், காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலைப் போட்டபடியே ஓட்டுகிறவர்கள். முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றக் கட்டாயப்படுவதால் வளைவில் வண்டி முரண்டு பிடிக்கும், டயர் தேயும், கடைசியில் கியர் உடையும். மலை இறங்கும்போது லோவில் முதல் அல்லது இரண்டாவது கியரில் விட்டுவிட்டு பிரேக்கிலிருந்து காலை எடு என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து இறக்கிக் காட்டினால்தான் நம்பிக்கை வரும்.

மாதத்தில் ஒருநாள், மண் ரோட்டில், ஃபோர் வீல் லீவரைப் போட்டு இரண்டு கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். லோவும் லாக்கும் சேர்த்து. வருடம் முழுக்கத் தொடாத லீவர் தேவைப்படும் நாளில் இறுகிக் கிடக்கும். புரொப்பல்லர் ஷாஃப்ட் ஜாயிண்டுகளுக்கு கிரீஸ், சாதாரண சர்வீஸ் இடைவெளியில் பாதிக்கு ஒருமுறை டிஃபரன்ஷியல் எண்ணெய், புழுதி நாளில் ஏர் ஃபில்டர் வாரம் ஒருமுறை. வண்டியின் பதிவுப் புத்தகத்தில் இதற்குத் தனிக் கட்டம் போடுங்கள்.

கடைசியாக உங்கள் பொலேரோ. பின் சக்கர வண்டிதானே என்று ஒதுக்காதீர்கள். நல்ல ஆல் டெரெய்ன் டயர், புது ஷாக், பின்னால் இரண்டு மூட்டை மணல் எடை, கம்ப்ரஸர், ஒரு இழுவைக் கயிறு. உங்கள் எல்லையில் முக்கால்வாசித் தடத்துக்கு அது போதும். சம்மன் கொடுக்க, கோயில் கூட்டத்துக்கு, ஊர்ச் சண்டைக்கு அதை அனுப்புங்கள். புது மூன்றையும் டவுன் டூட்டிக்கும் அதிகாரி வீட்டுக்கும் எடுத்துப்போகாமல் காப்பாற்ற அந்த பொலேரோ ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

குறிப்பை எழுதி முடித்ததும், டைப் அடிக்கும் முன் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். லோ ரேஞ்ச் வரி அதில் இருக்கிறதா என்று நான் பார்க்கிறேன்.